கோவிலா, சபையா: பெங்களூரில் புதிதாக வருகிறவருக்கு ஓர் ஒப்பீடு

எங்கள் அலுவலகத்தில் ஒரு பெண். கிருஷ்ணகிரிப் பக்கம் சொந்த ஊர், பெங்களூருக்கு வந்து எட்டு வருஷம் ஆகிறது. ஒன்றரை வருடமாகச் சுவிசேஷங்களைப் படித்துக்கொண்டிருக்கிறார். போன மார்ச்சில் சாப்பாட்டு நேரத்தில் எதிரே வந்து உட்கார்ந்து, "அண்ணா, ஏசுவைப் பத்தி எனக்கு இப்ப சந்தேகம் இல்ல. எந்தச் சர்ச்சுக்குப் போறதுன்னுதான் தெரியல. லிங்கராஜபுரத்துல எங்க வீட்டைச் சுத்தியே நாலஞ்சு இருக்கு" என்றார்.

என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. நான் நெல்லைச் சீமையில் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) வீட்டில் பிறந்தவன். மனைவி சிவாஜிநகரில் மூன்று தலைமுறையாக இருக்கும் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) குடும்பம். அவள் தங்கை கல்யாணத்துக்குப் பிறகு பெந்தெகொஸ்தே சபைக்குப் போய்விட்டாள். ஞாயிறு காலை எங்கள் வீட்டு வண்டிகள் மூன்று திசைக்குப் போகும். மதியம் பிரியாணிக்கு ஒரே இடத்தில் வந்து நிற்கும்.

கல்யாணமான புதிதில் மனைவியோடு முதல்முறை திருப்பலிக்குப் போனது நினைவிருக்கிறது. கர்த்தர் கற்பித்த ஜெபத்தை எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். 'தீமையிலிருந்து எங்களை விடுவித்தருளும்' என்றதும் மொத்தக் கோவிலும் நிறுத்தியது. நான் மட்டும் பழக்க தோஷத்தில், 'ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்' என்று தனியாக முழங்கினேன். முன் வரிசைப் பாட்டி திரும்பிப் பார்த்தார். ஆர்.சி. பூசையில் அந்த வரி உடனே வராது. குருவானவர் இடையில் ஒரு மன்றாட்டைச் சொல்லி முடித்த பிறகுதான் சபையார் அதைச் சொல்வார்கள். ஒரே ஜெபம்தான், நிறுத்தும் இடம் வேறு. சபைகளுக்கு நடுவே இருக்கும் வித்தியாசத்தில் பாதி இப்படிப்பட்டது. மீதிப் பாதி அவ்வளவு லேசானதல்ல. அதைத்தான் அவருக்குச் சொல்ல முயன்றேன்.

வரலாறு ஒரு மூச்சில். கி.பி. 451இல் சபைத் தலைவர்கள் கூடிய கல்செதோன் சங்கத்தை ஒட்டி சிரியா, எகிப்து, அர்மேனியா பக்கத்துச் சபைகள் தனிவழி போயின. 1054இல் ரோமும் கான்ஸ்டான்டினோப்பிளும் பிரிந்ததாகக் கணக்கு. 1517இல் லூத்தர் தொடங்கிய எதிர்ப்பிலிருந்து புராட்டஸ்டண்டு சபைகள் கிளைத்தன. 1906இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் அசூசா தெருவில் எழுந்த எழுப்புதலிலிருந்து பெந்தெகொஸ்தே இயக்கம் உலகெங்கும் பரவியது. லிங்கராஜபுரத்துத் தெருவில் நிற்கும் நாலைந்து பலகைகளுக்கும் இந்த நான்கு பிளவுகளில் ஏதாவது ஒன்றோடு உறவு இருக்கும்.

தமிழனுக்கு அதைவிடச் சுலபமான அடையாளம் ஒன்று உண்டு: பேச்சு. 'கோவிலுக்குப் போறோம், பூசை, ஃபாதர், மாதா' என்றால் ஆர்.சி. 'ஆராதனை, ஐயர், திருவிருந்து, அசனம்' என்றால் சிஎஸ்ஐ அல்லது லூத்தரன் (இங்கே ஐயர் என்றால் போதகர், ஆயர் என்றும் சொல்வோம்). 'மீட்டிங், பாஸ்டர், சாட்சி, அபிஷேகம்' என்றால் பெந்தெகொஸ்தே. என் மாமனார் தலைமுறைக்கு பேதுரு இராயப்பர், பவுல் சின்னப்பர், யோசேப்பு சூசையப்பர், இயேசுவே சேசு. வேதாகமமும் அப்படித்தான். ஆர்.சி. வீட்டில் 73 புத்தகங்கள், புராட்டஸ்டண்டு வீட்டில் 66. தோபித்து, யூதித்து, மக்கபேயர் போன்ற ஏழு நூல்கள் அங்கே கூடுதல். இரு தரப்பு அறிஞர்களும் சேர்ந்து பொது மொழிபெயர்ப்பு ஒன்றை 1995இல் கொண்டுவந்தார்கள், அது ஆர்.சி. கோவில்களில் நிலைத்துவிட்டது, எங்கள் ஆட்கள் பழைய மொழிபெயர்ப்பின் 'கர்த்தரை' விட மனமில்லாமல் அதிலேயே இருக்கிறார்கள். புதிதாகப் படிக்கிறவருக்குப் பொது மொழிபெயர்ப்பு சட்டென்று புரியும். மனப்பாடம் செய்யப் பழையதுதான். இது என் பாரபட்சம், வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கத்தோலிக்கத் திருச்சபையில் ஆரம்பிக்கலாம். பெங்களூரில் தமிழருக்கு அதுதான் முதலில் கண்ணில் படும். 1809இல் கன்டோன்மெண்ட் அமைந்தபோது சிப்பாய்களாகவும், வேலைக்காரர்களாகவும், கடைக்காரர்களாகவும் வந்த தமிழர்களோடு அவர்களுடைய வழிபாடும் வந்தது. ரஸ்ஸல் மார்க்கெட் எதிரே நிற்கும் ஆரோக்கிய மாதா பேராலயத்தில் ஆகஸ்ட் 29இல் கொடியேற்றி செப்டம்பர் 8இல் தேர் இழுக்கும்போது, காவி உடுத்தி வருகிறவர்களில் எத்தனை பேர் கிறிஸ்தவர்கள் என்று யாரும் கேட்பதில்லை. விவேக்நகர் குழந்தை இயேசு ஆலயத்தின் வியாழக்கிழமைக் கூட்டமும் அப்படியே. எங்கள் அலுவலக நண்பரும் வேலை கிடைக்க வேண்டும் என்று மெழுகுவர்த்தி ஏற்ற முதலில் போனது அங்கேதான்.

அங்கே போய் நிற்பது எளிது, உள்ளே சேர்வது நிதானமான காரியம். பெரியவர்களுக்குச் சில மாதங்களிலிருந்து ஒரு வருடம் வரை மறைக்கல்வி நடக்கும். பிறகு, பாஸ்கா திருவிழிப்பில், அதாவது ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை இரவு, ஞானஸ்நானம், உறுதிப்பூசுதல் (விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்கு), நற்கருணை (அப்பமும் ரசமும்) மூன்றையும் ஒரே இரவில் கொடுப்பார்கள். அவசரப்படுத்த மாட்டார்கள். சில பங்குகளில் (ஒரு கோவிலைச் சேர்ந்த வட்டாரம்) நீங்கள்தான் ஃபாதரைத் துரத்திப் பிடித்து ஞாபகப்படுத்த வேண்டியிருக்கும். ஆயிரக்கணக்கானோர் வந்து போகும் இடத்தில் புது முகத்தைக் கவனித்து 'யாரும்மா நீ' என்று கேட்க ஆள் இல்லை. இந்தக் குறையை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

உள்ளே போனபின் ஏற்க வேண்டியவை அதிகம். அப்பமும் ரசமும் உண்மையிலேயே கிறிஸ்துவின் உடலும் இரத்தமும் ஆகின்றன என்ற நம்பிக்கை, ஞானஸ்நானம், திருமணம் போன்ற ஏழு அருட்சாதனங்கள், குருவிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம், மாதாவிடமும் புனிதர்களிடமும் பரிந்துரை கேட்பது, போப்பாண்டவரின் அதிகாரம். இன்று அந்த இடத்தில் இருப்பவர் 2025 மே 8இல் தேர்வான பதினான்காம் லியோ. விவாகரத்துக்குப் பின் மறுமணம் செய்ய விரும்புகிறவருக்கு, பொதுவாக, முதல் திருமணம் செல்லாது என்று திருச்சபை நீதிமன்றம் சொன்னால்தான் வழி. செயற்கைக் கருத்தடையைத் திருச்சபை ஏற்பதில்லை. நடைமுறையில் வீடுகளில் என்ன நடக்கிறது என்பது வேறு கதை. சேருகிறவருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நேர்மை.

இத்தனை கட்டுப்பாட்டுக்கும் ஈடாக அங்கே கிடைப்பது ஒன்று. யார் சொல்வது சரி என்று நீங்கள் தனியாக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு ஃபாதர் உளறினால் அவருக்கு மேலே பேராயர் இருக்கிறார், அவருக்கும் மேலே ரோம் இருக்கிறது, அச்சிட்ட மறைக்கல்வி நூல் இருக்கிறது. சிலருக்கு இது மூச்சுமுட்டும். சிலருக்குத் தலையணை மாதிரி.

எங்கள் சிஎஸ்ஐ 1947 செப்டம்பர் 27இல் சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் பிறந்தது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், அதோடு பிரஸ்பிட்டேரியன், காங்கிரகேஷனல் மரபுகள் ஏற்கெனவே கலந்திருந்த ஐக்கிய சபை, எல்லாம் ஒன்றாகின. பிஷப் உள்ள மரபும் பிஷப்பே வேண்டாம் என்ற மரபும் ஒரே கூரைக்கு வந்தது அன்று உலக அதிசயம். அதனால்தான் ஒரு சிஎஸ்ஐ சபையில் அங்கி, மெழுகுவர்த்தி, அச்சிட்ட ஆராதனை முறை எல்லாம் ஒழுங்காக இருக்கும். இன்னொன்றில் கிட்டாரும் டிரம்ஸும் இருக்கும். எம்.ஜி. ரோட்டில் 1812இல் கட்டி முடித்த செயின்ட் மார்க்ஸ் பேராலயம் ஆங்கிலத்துக்கு. தமிழ் ஆராதனைக்கு சிவாஜிநகர், அல்சூர் பக்கம் கன்டோன்மெண்ட் காலத்துச் சபைகள் இருக்கின்றன.

இங்கே மையம் பிரசங்கம். பொதுவாக ஒரு ஞாயிற்றில் அரை மணி நேரம் ஒரு வேதப் பகுதியைப் பிரித்துப் பேசுவார்கள். நல்ல ஐயர் கிடைத்தால் பாக்கியம். கிடைக்காவிட்டால் கீர்த்தனைகளைப் பிடித்துக்கொண்டு நாளைக் கடத்தலாம். பியானோவில் பாமாலை ஒன்று, அடுத்தது ஆனந்தபைரவியில் கீர்த்தனை ஒன்று என்று மாறிமாறி வருவது எங்கள் சொத்து. புது ஆளுக்கு ஞானஸ்நான வகுப்பு, பிறகு திடப்படுத்தல் (ஆர்.சி.யின் உறுதிப்பூசுதல் போல), பிறகு திருவிருந்து (அப்பமும் ரசமும்). பெண்கள் ஆயராகலாம், பிஷப்பும் ஆகலாம். 2013இல் நந்தியால் பேராயத்துக்கு புஷ்ப லலிதா பிஷப்பானார். ஆர்.சி.யில் பெண்களுக்குக் குருத்துவம் இல்லை. எங்கள் அலுவலக நண்பர் இதைக் கேட்டுக் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

எங்கள் குறையையும் சொல்லிவிடுகிறேன். கமிட்டித் தேர்தல் வந்தால் சபை இரண்டாகப் பிளக்கும். சொத்து வழக்குகள் நீதிமன்றங்களில் வருஷக்கணக்காக நடக்கின்றன. ஊர்க்காரர், சாதிக்காரர், உறவுக்காரர் என்று பின்னிக் கிடக்கும் கூட்டத்தில் புதிதாக வருகிறவருக்கு, 'நீங்க எந்த ஊரு?' என்ற கேள்விக்குள் ஒளிந்திருப்பது என்ன என்று புரிய ஆறு மாதமாவது ஆகும். ஆர்.சி.யிலும் இது இல்லாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பேப்பரில் மணமகள் தேவை விளம்பரங்களைப் புரட்டினால் 'கிறிஸ்தவ' என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயரும் நிற்கும். எந்தக் கிளையும் இதில் கை கழுவ முடியாது.

சிஎஸ்ஐயில் சேராமல் தனியாக நிற்கும் லூத்தரன், மெதடிஸ்ட் சபைகளைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. தமிழ் லூத்தரன் மரபு 1706இல் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியதிலிருந்து வருகிறது. எனவே புராட்டஸ்டண்டுகளில் அவர்களே மூத்தவர்கள். வழிபாட்டில் சிஎஸ்ஐக்குப் பக்கத்து வீடு. வீட்டுக்கு அருகில் இருந்து, ஆயர் நல்லவராகவும் இருந்தால் போதும், போகலாம்.

ரோமோடு சேராத கீழைத்தேயப் பழைய சபைகளான ஆர்த்தடாக்ஸ் பற்றிக் கேட்பவர்களுக்கு. பெங்களூரில் நீங்கள் பார்க்கப்போவது பெரும்பாலும் மலங்கரை சபை, மலையாளிகள். அப்போஸ்தலர் தோமா கி.பி. 52இல் கேரளக் கரையில் இறங்கினார் என்பது அவர்கள் பாரம்பரியம். அவர்கள் பூசையான குர்பானா ஒரு முறையாவது பார்க்க வேண்டியது: திரை, சாம்பிராணி, பெரும்பாலும் நின்றுகொண்டே வழிபாடு, நடுநடுவே பழைய சுரியானி மொழி. ஆனால் மலையாளம் தெரியாமல் வருஷக்கணக்கில் அங்கே ஒன்ற முடியுமா என்பது கேள்வி. இன்னொரு குழப்பம், 'சிரியன்' என்ற பெயர் பலகையில் இருந்தாலே ஆர்த்தடாக்ஸ் அல்ல. சீரோ மலபார் ரோமோடு சேர்ந்தது. மார்த்தோமா சபை கீழைத்தேய வழிபாட்டு முறையை வைத்துக்கொண்டு சீர்திருத்தம் ஏற்றது. பிரிம்ரோஸ் ரோட்டில் அவர்கள் ஆலயம் இருக்கிறது.

இனி பெந்தெகொஸ்தே. எங்கள் நண்பர் கேட்ட கேள்விக்கு உண்மையான இழுபறி இங்கேதான். ஏனென்றால் அவரைத் தேடி வந்தவர்கள் அவர்கள் மட்டுமே. அவர் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கீழ் வீட்டு அக்கா தன் சபையிலிருந்து நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து ஜெபித்தார். சாப்பாடு கொண்டுவந்தார்கள். இரண்டாவது வாரமே அவர் பெயர் சபையில் எல்லோருக்கும் தெரிந்தது. என் கொழுந்தியாளும் இதைத்தான் சொல்கிறாள்: "உங்க கோவில்ல இருபது வருஷம் போனேன், நான் வரலன்னா யாராவது கேட்டாங்களா?" அவளுக்கு எங்களிடம் பதில் இல்லை.

ஆராதனை மூன்று மணி நேரம் போகும். பாட்டு, கைதட்டல், அந்நிய பாஷை (ஆவியின் ஏவலால் பேசுவதாக நம்பும் புரியாத மொழி), சாட்சி (தன் அனுபவத்தை எழுந்து சொல்வது), சுகமளிக்கும் ஜெபம். ஞானஸ்நானம் விசுவாசித்த பிறகு மட்டும், அதுவும் முழுகி எடுப்பது. குழந்தையில் தெளித்ததை ஏற்பதில்லை. வருமானத்தில் பத்தில் ஒன்று தசமபாகம். சில சபைகளில் நகை, பூ, பொட்டு கூடாது, வெள்ளை உடை. வேறு சில சபைகளில் இந்தக் கெடுபிடி எதுவும் கிடையாது. 'பெந்தெகொஸ்தே' என்ற ஒரே பெயருக்குள் பல்லாயிரம் பேர் உட்காரும் அசெம்பிளிஸ் ஆஃப் காட் சபையும் அடங்கும், மாடிப்படி ஏறிப்போகும் வாடகை ஹாலும் அடங்கும்.

என் தயக்கம் அந்த வாடகை ஹாலைப் பற்றியது. அங்கே பாஸ்டர் தவறினால் கேட்க யார்? பெரிய அமைப்பில் சேர்ந்த சபை என்றால் மேலே ஒரு கவுன்சில் உண்டு, கணக்குத் தணிக்கை உண்டு. தனி ஊழியம் என்றால் டிரஸ்டில் அவரும் அவர் மனைவியும் மைத்துனரும்தான். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அப்படி ஒரு ஹாலுக்குப் பதினோரு வருஷம் போனது. பாஸ்டர் ஏதோ தகராறில் ஊரைவிட்டுப் போய்விட்டார், பதிவேடு எதுவும் இல்லை. அந்த வீட்டுப் பெரியவர் இறந்தபோது அடக்கம் செய்ய இடம் கேட்டு மகன் இரண்டு நாள் அலைந்தான். ஓசூர் ரோட்டுக் கல்லறைத் தோட்டமோ கல்பள்ளியோ, எங்கே போனாலும் எந்தச் சபை, கடிதம் எங்கே என்றுதான் முதல் கேள்வி. சேரும்போது யாரும் இதை யோசிப்பதில்லை. நீங்கள் யோசியுங்கள். சேரப்போகும் சபையில், 'நான் செத்தால் எங்கே புதைப்பீர்கள்?' என்று கேட்டுப்பாருங்கள். பதில் வரும் விதத்திலேயே அந்தச் சபையின் எலும்பு எவ்வளவு கெட்டி என்று தெரிந்துவிடும்.

ஞானஸ்நானத்தைப் பற்றியும் ஒரு கணக்கு உண்டு, இது பலருக்குத் தெரியாது. பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் தண்ணீரால் பெற்ற ஞானஸ்நானத்தை ஆர்.சி.யும் சிஎஸ்ஐயும் பொதுவாகப் பரஸ்பரம் ஏற்கும். திரும்பக் கொடுக்க மாட்டார்கள். விவரம் தெரிந்த வயதில் முழுகிப் பெற்றது என்றால் பெரும்பாலான பெந்தெகொஸ்தே, பாப்திஸ்து சபைகளிலும் அந்த முறையைப் பற்றிக் கேள்வி எழாது. ஆனால் 'இயேசுவின் நாமத்தில் மட்டும்' கொடுக்கும் சில சபைகள் இருக்கின்றன. பிதா, குமாரன், ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற திரித்துவத்தையே மறுக்கும் யெகோவாவின் சாட்சிகளும் வீடு வீடாக வருவார்கள். அங்கே பெற்றதை மற்றக் கிளைகள் ஏற்காது. ஆக, முப்பது வயதில் புதிதாக வருகிறவருக்கு எந்தக் கதவு பின்னால் சாத்திக்கொள்ளும், எது திறந்தே இருக்கும் என்று பார்ப்பது முக்கியம். ஞாயிறு தோறும் போய் உட்காருவதை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். தண்ணீரில் இறங்குவது அப்படியல்ல. 'இன்று வந்தீர்கள், வருகிற ஞாயிறு ஞானஸ்நானம்' என்று யாராவது சொன்னால் நான் பின்வாங்குவேன்.

அவசரம் வேண்டாம் என்பதற்குச் சட்டக் காரணமும் உண்டு. கர்நாடகத்தில் 2022இல் வந்த மதமாற்றத் தடைச் சட்டம், மதம் மாறுகிறவர் முப்பது நாள் முன்னதாக மாவட்ட நிர்வாகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்றது. அதை ரத்து செய்வதென்று 2023இல் மாநில அமைச்சரவை முடிவெடுத்தது. ஞானஸ்நான நாள் குறிப்பதற்கு முன் இன்றைய நிலையை ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பட்டியல் சாதியினர் என்றால் இன்னும் கவனம் தேவை. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி அந்த அந்தஸ்து இந்துக்களுக்கும், பின்னாளில் சேர்க்கப்பட்ட சீக்கியருக்கும் பௌத்தருக்கும் மட்டுமே. எந்தக் கிளையில் சேர்ந்தாலும் இது மாறாது. சபைக்காரர்கள் பலர் இதை வாய் திறந்து சொல்ல மாட்டார்கள்.

எங்கள் நண்பரை இதெல்லாம் உறுத்தவில்லை. அவரை உறுத்தியது அப்பா. ஐந்து வருஷம் முன்பு தவறியவர். ஆடி அமாவாசைக்கு அண்ணன் ஒகேனக்கல் போய் தர்ப்பணம் கொடுக்கிறார், இவரும் கூடப் போவார். "நான் மாறிட்டா அப்பாவுக்கு என்ன அண்ணா செய்யறது?"

இந்த ஒரு கேள்வியில்தான் கிளைகள் உண்மையில் பிரிந்து நிற்கின்றன. பெந்தெகொஸ்தே பாஸ்டரிடம் கேட்டபோது, இறந்தவருக்காக ஜெபிக்க வேதத்தில் இடமில்லை, உயிரோடு இருக்கும் அம்மாவுக்காக ஜெபியுங்கள் என்றாராம். கடுமையாகச் சொல்லவில்லை. ஆனாலும் இவர் அன்று இரவு தூங்கவில்லை. எங்கள் சிஎஸ்ஐயில் நவம்பர் 2இல், கல்லறைத் திருநாளன்று, கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, பூ வைத்து, மறைந்தவர்களின் வாழ்வுக்காக நன்றி சொல்லுவோம். அவர்கள் ஆத்துமாவுக்காக வேண்டுதல் செய்வது வழக்கமில்லை. கத்தோலிக்கர் வேண்டுவார்கள், பூசையும் ஒப்புக்கொடுப்பார்கள். ஞானஸ்நானம் பெறாமல் போனவருக்காகவும் ஜெபிக்கலாம். தம் தவறின்றிக் கிறிஸ்துவை அறியாமல் போனவர்களும் மீட்படைய முடியும் என்று கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கமே எழுதி வைத்திருக்கிறது. இதைச் சொன்னது என் மனைவி. நான் பிறந்த சபைக்கு எதிராக ஒரு புள்ளி அன்று விழுந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

அதற்காக அவர் ஆர்.சி. பக்கம் சாய்ந்துவிட்டார் என்று சொல்ல வரவில்லை. மாதாவிடம் வேண்டுவது அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. 'ஒரு அம்மனை விட்டு இன்னொரு அம்மனா' என்று கேட்டு மனைவியிடம் திட்டு வாங்கினார். பெண் ஆயர் ஒருவர் பிரசங்கம் பண்ணுவதைக் கேட்க ஒரு ஞாயிறு எங்கள் சபைக்கு வந்தார். கீழ் வீட்டு அக்காவின் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தையும் விடவில்லை. வேதம் படிக்க அங்கேதான் கற்றுக்கொண்டேன் என்கிறார். நான் சொன்னது இவ்வளவுதான்: ஒரு திருவருகைக் காலத்திலிருந்து (கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு வாரம்) அடுத்த திருவருகைக் காலம் வரை எங்கும் பெயர் கொடுக்காமல் போய்வாருங்கள். பண்டிகை நாளில் எல்லாச் சபையும் அழகாக இருக்கும். ஜூலை மாத மழை ஞாயிற்றில், பாதி பெஞ்சு காலியாக இருக்கும்போது, எங்கே போக மனம் வருகிறது என்று பாருங்கள்.

வருகிற நவம்பர் 2ஆம் தேதி எங்களோடு ஓசூர் ரோட்டுக் கல்லறைக்கு வருகிறார். கிருஷ்ணகிரியில் தகனம் செய்த அப்பாவுக்கும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றலாமா, எந்தக் கல்லறை மேல் வைப்பது என்று நேற்று போனில் கேட்டார். என் மாமியார் கல்லறையில் இடம் இருக்கிறது, அங்கே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டு, மனைவி கூடுதலாக ஒரு பாக்கெட் வாங்கிவைத்திருக்கிறாள்.